மகனுக்கும் மகளுக்கும் விழித்திரை ஸ்கேன் எண்கள் ஏன் வேறுபடுகின்றன?

எழும்பூரில் எடுத்த ஓசிடி ஸ்கேனில் (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுத்து அளக்கும் சோதனை) தங்கையைவிட அண்ணனுக்கு விழித்திரை மையம் சில மைக்ரான் தடிப்பு என்கிறீர்கள். சராசரியில் பையன்களுக்கு அப்படித்தான். அது மட்டுமே நோயல்ல. பையன்களின் கண் சராசரியில் சுமார் அரை மில்லிமீட்டர் நீளமும்கூட. பெண்பிள்ளைகளின் கருவிழி (கார்னியா) சற்றுக் கூடுதலாக வளைந்திருப்பதால், இருவரின் கண் பவரும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

சிக்கல் ரிப்போர்ட்டின் சிவப்பு (இயல்பு வரம்புக்கு வெளியே), பச்சை (இயல்பு) நிறங்களில்தான். பல கருவிகளின் ஒப்பீட்டுத் தரவு 18 வயதைத் தாண்டியவர்களுடையது; பிள்ளைகளுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது. நீளமான கண்ணில், பார்வை நரம்பைச் சுற்றிக் கருவி அளக்கும் ஸ்கேன் வட்டம் பெரிதாகி, அந்த நரம்பிலிருந்து தள்ளி விழும். அங்கே விழித்திரையின் நரம்பிழை அடுக்கு (பார்வை நரம்பாகச் சேரும் இழைகள்) மெலிந்ததுபோலத் தெரியும், உண்மையில் மெலியாமலே! கண் நீள அளவையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறையும் அதே மாடல் கருவியில் எடுங்கள். கருவி அடுக்கை எங்கிருந்து எங்குவரை அளக்கிறது என்ற எல்லைக்கோடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்களை ஒப்பிட முடியாது.