விஜய் சிங்: போர்னியோவிலிருந்து முதலிடம் வரை (கேள்வி பதில்)

கோல்ஃப் என்றாலே டைகர் வுட்ஸ் பற்றித்தான் கேள்வி வரும். இந்த முறை ஃபிஜியின் விஜய் சிங் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர், அதனால் சந்தோஷமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெயரைப் பார்த்தால் இந்தியர் மாதிரி இருக்கிறதே. எந்த ஊர்க்காரர்?

இந்திய வம்சாவளி ஃபிஜிக்காரர். 1963 பிப்ரவரி 22 அன்று லௌடோகாவில் பிறந்தார். அப்பா மோகன் சிங் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவர், கோல்ஃபும் சொல்லிக்கொடுத்தவர். பந்து வாங்க வசதி இல்லாமல் சின்னத் தேங்காய்களை அடித்துப் பழகியதாக விஜயே சொல்லியிருக்கிறார். அமெரிக்க வீரர் டாம் வைஸ்காஃப் மட்டையை வீசும் விதத்தைத்தான் சிறுவயதில் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்.

கேள்வி: ஸ்கோரைத் திருத்தியதாக அவரைத் தடை செய்தார்களாமே, உண்மையா?

தடை உண்மை. குற்றச்சாட்டை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. 1984இல் மலேசிய பிஜிஏ போட்டியில் ஜெயித்து அப்போதுதான் பெயர் வாங்கியிருந்தார். மறு வருடம் இந்தோனேசியாவில், 'கட்'டைத் (இது என்னவென்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) தாண்டுவதற்காக ஸ்கோர் கார்டில் ஒரு ஷாட்டைக் குறைத்துவிட்டார் (கோல்ஃபில் குறைந்த ஷாட் அடித்தவர்தான் முன்னால்) என்று ஆசிய சுற்றுப்போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். ஏதோ தவறான புரிதல் என்பது அவர் தரப்பு. கோல்ஃபில் ஒருவருடைய கார்டை உடன் ஆடுபவர் எழுதுவார், ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் முழுக்க இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அதனால் இப்படி ஒரு பழி விழுந்தால் பல வருடத்துக்குப் போகாது.

அப்போது அவருக்கு 22 வயது. போர்னியோ தீவில் கெனிங்காவ் என்ற ஊரின் கிளப்பில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது, அப்புறம் மிரி கிளப்புக்கு மாறினார். உறுப்பினர்களுக்குப் பாடம் எடுப்பது, மிச்ச நேரத்தில் தனியாகப் பந்தடிப்பது, இதுதான் வாழ்க்கை. பிற்காலத்தில் டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் மைதானம்) எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்புகிறவர் என்று பெயர் வாங்கினாரே, அந்தப் பழக்கம் இங்கேதான் ஊறியிருக்கும் என்று நினைக்கிறேன். கோப்பைகளைப் பற்றிப் படிப்பதை விட இந்த வருடங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

கேள்வி: 'கட்' என்றால் என்ன? ஒரு ஷாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி. இந்தத் தொழிலே அந்த ஒரு ஷாட்டில்தான் நிற்கிறது. சாதாரணமாக ஒரு போட்டி நான்கு நாள், 72 குழி. இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுதான் 'கட்'. அமெரிக்காவின் தொழில்முறைச் சுற்றுப்போட்டியான பிஜிஏ டூரில் இப்போது வழக்கமான போட்டிகளில் முதல் 65 இடமும், 65ஆவது இடத்தில் சமமாக இருப்பவர்களும் தொடர்ந்து ஆடலாம். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. கிரிக்கெட் மாதிரி வாரியம் தரும் சம்பளம் இல்லை. விமான டிக்கெட், ஓட்டல், பை தூக்கும் கேடிக்கு வாரக் கூலி எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசு. ஒரு ஷாட் கூடிப்போய் வெளியேறினால் அந்த வாரம் முழுக்க நஷ்டம். டிவியில் கடைசி நாள் மட்டும் பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையின் பதற்றம் தெரியாது.

கேள்வி: அங்கிருந்து அமெரிக்கா எப்படிப் போனார்?

சுற்றிச் சுற்றித்தான். 1988இல் நைஜீரிய ஓப்பனில் வெற்றி. பிறகு தகுதிச் சுற்று வழியாக ஐரோப்பிய டூரில் இடம், 1989இல் இத்தாலியில் அங்கே முதல் கோப்பை. 1993இல் அமெரிக்காவில் ப்யூயிக் கிளாசிக் போட்டியை பிளேஆஃபில் (சமமாக முடிந்தால் வைக்கும் கூடுதல் ஆட்டம்) ஜெயித்தபோது அவருக்கு 30 வயது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்று விருது கொடுத்தார்கள்!

கேள்வி: அவருடைய உச்சம் என்று எதைச் சொல்வீர்கள்?

மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் மூன்று: 1998 பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000 மாஸ்டர்ஸ், 2004 பிஜிஏ சாம்பியன்ஷிப். ஆனால் 2004ஆம் வருடத்தை முழுதாகவே சொல்ல வேண்டும். ஒன்பது கோப்பை, பரிசுப் பணம் மட்டும் 1 கோடியே 9 லட்சம் டாலர். ஒரே பருவத்தில் 1 கோடி டாலரைத் தாண்டியவர்களில் அவர்தான் முதல்.

அந்த வருட பிஜிஏ சாம்பியன்ஷிப் விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸில் நடந்தது. கடைசி நாள் 76 அடித்தார், 18 குழியில் ஒரு பர்டி (குழிக்கு வகுத்த கணக்கை விட ஒரு ஷாட் குறைவு) கூட இல்லை. ஆனாலும் ஜஸ்டின் லெனார்ட், கிறிஸ் டிமார்கோ இருவருடனும் சமமாகி பிளேஆஃபுக்குப் போனது. அதன் முதல் குழியில்தான் அன்றைய முதல் பர்டி, அதுவே கோப்பையைக் கொடுத்தது. நாள் முழுக்க எதுவும் சரியாக அமையாதபோதும் பொறுமையை விடவில்லை பாருங்கள்.

சில வாரம் கழித்து, செப்டம்பர் 6 அன்று, பாஸ்டன் அருகே டைகருடன் ஒரே ஜோடியில் ஆடி அவரை மூன்று ஷாட்டில் பின்தள்ளினார். 264 வாரம் தொடர்ந்து டைகரிடம் இருந்த உலக முதலிடம் கை மாறியது.

கேள்வி: அப்போது வயது 41. எப்படி முடிந்தது?

பிஜிஏ டூரில் அவருடைய 34 வெற்றிகளில் 22, நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் சாம் ஸ்னீட் 17 வெற்றிகளோடு முன்னணியில் இருந்தார். உடற்பயிற்சியையும் ரேஞ்சையும் விஜய் ஒரு நாளும் குறைக்கவில்லை. 2008இல், 45 வயதில், டூரின் பருவ சாம்பியனுக்கான ஃபெடெக்ஸ் கோப்பையையும் வென்றார்.

கேள்வி: ரைடர் கோப்பையில் ஏன் அவரைக் காணோம்?

அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடப்பது. ஃபிஜிக்காரர் ஆட முடியாது. பிரசிடென்ட்ஸ் கோப்பையில் சர்வதேச அணிக்காக எட்டு முறை ஆடினார்.

கேள்வி: மான் கொம்பு ஸ்பிரே விவகாரம்?

தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஸ்பிரே அது. 2013இல் அதைப் பயன்படுத்தியதாக ஒரு பேட்டியில் அவரே சொன்னார். டூர் நடவடிக்கை எடுக்கப் பார்த்து, பிறகு கைவிட்டது. அவர் டூர் மேல் வழக்குப் போட்டார், 2018இல் சமரசமாக முடிந்தது.

கேள்வி: இப்போதும் ஆடுகிறாரா?

2018இல், 55 வயதில், மூத்தோருக்கான சீனியர் பிளேயர்ஸ் பட்டத்தை வென்றார். மாஸ்டர்ஸில் ஒரு முறை ஜெயித்தவருக்கு ஆயுள் முழுக்க அழைப்பு உண்டு. முந்தைய வருட சாம்பியன்தான் மற்ற சாம்பியன்களுக்கு விருந்தும் வைக்க வேண்டும், 2001இல் விஜய் தாய்லாந்துச் சாப்பாடு போட்டார். 2024 மாஸ்டர்ஸிலும் இறங்கினார். 61 வயது, காற்று பலமாக அடித்த இரண்டு நாள், பேரன் வயதுப் பையன்கள் பலர் வெளியேறினார்கள். விஜய் 'கட்'டைத் தாண்டினார்.