பழைய பாப், சோல் பாடல்களோடு வானொலி ஜிங்கிள்களையும் சேகரிப்பது ஏன்?

1960, 70களின் ஆங்கில பாப் பாடல்களையும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகையான சோல் பாடல்களையும் தேடிக் கேட்பவர்களில் சிலர் அவற்றுக்கு இடையே ஒலித்த வானொலி ஜிங்கிள்களையும் சேகரிக்கிறார்களே, நிலையத்தின் பெயரைப் பாடும் சில நொடித் துணுக்கில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சேகரிப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அக்காலத்து வெற்றிப் பாடலும் ஜிங்கிளும் ஒரே இடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த இடம் மத்திய அலை வானொலியின் கையகல ஒலிபெருக்கி. பெர்ரி கார்டி 1959இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், ஒரு பாடலின் ஒலிக்கலவை சரியாக அமைந்திருக்கிறதா என்பதைக் காரில் பொருத்தும் மலிவான ஒலிபெருக்கியிலும் போட்டுக் கேட்டுச் சோதிப்பார்கள். அத்தகைய ஒலிபெருக்கியில் அடித்தொனி பெரும்பாலும் கரைந்துவிடும். சலங்கை கட்டிய கைப்பறையான தாம்புரினும் கைதட்டலும் பாடுபவரின் குரலும் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும் அந்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். மோட்டவுனின் வாத்தியக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதார் வாசிப்பை இன்று நல்ல ஹெட்ஃபோனில் கேட்டு வியக்கிறோம். அன்று காரில் போகிறபோக்கில் கேட்டவர்களுக்கு அதில் பாதிகூடக் காதில் விழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜிங்கிள்களின் தலைநகரம் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ். பில் மீக்ஸ் என்பவர் 1951இல் அங்கே தொடங்கிய பாம்ஸ் நிறுவனத்தின் தொழில்முறை சுவையானது. பின்னணி இசையை வாத்தியக் குழுவைக் கொண்டு ஒரே முறை பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எந்த ஊர் நிலையம் பணம் கட்டினாலும், அதன் பெயரை மட்டும் பாடகர் குழு அந்த இசையின் மீது புதிதாகப் பாடிக் கொடுக்கும். நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்துக்குப் பாடிய மெட்டே வேறோர் ஊரில் வேறு பெயரோடு ஒலிப்பது இப்படித்தான். ஒரு தொகுப்பில் பலவகைத் துணுக்குகள் இருக்கும். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, வேகமாகத் தொடங்கி மெதுவாக முடிபவை. துள்ளலான பாட்டு ஒன்று முடிந்து உருக்கமான பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் அறிவிப்பாளர் இதைப் போட்டால், கேட்பவருக்குத் தாளம் மாறியதே உறுத்தாது. ஐந்தாறு நொடிகளுக்குள் இதைச் செய்வதற்கு எவ்வளவு இசையறிவு வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சோனோவாக்ஸ் என்ற கருவியையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளைத் தொண்டையின் இருபுறமும் அழுத்தி வைத்து, அவற்றின் வழியாக வாத்திய இசையைச் செலுத்துவார்கள். பாடுபவர் குரல் எழுப்பாமல் உதட்டையும் நாவையும் மட்டும் அசைத்தால், அந்த வாத்தியமே வார்த்தைகளைப் பேசுவது போலக் கேட்கும். தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1967ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றின் தொடக்கத்தில் கிழமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வது இக்கருவியில் செய்த ஒரு பாம்ஸ் ஜிங்கிள்தான்.

அந்த ஜிங்கிள் லண்டனுக்கு வந்தது கப்பல் வழியாக. இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு பிபிசியில் கடுமையான வரம்பு இருந்த காலம் அது. பல பாடல்களை பிபிசியின் வாத்தியக் குழுக்கள் வாசித்துத்தான் நேயர்கள் கேட்டார்கள். அந்த இடைவெளியில், டெக்சஸ்காரர்களின் முதலீட்டில், முன்பு அமெரிக்கக் கடற்படையில் கடற்கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலாக இருந்த கேலக்ஸியை இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு அப்பால், பிரிட்டிஷ் சட்டம் எட்டாத கடலில் நிறுத்தி, 1964 டிசம்பரில் ரேடியோ லண்டன் ஒலிக்கத் தொடங்கியது. மோட்டவுன் பாடல்களும் டல்லாஸ் ஜிங்கிள்களும் பிரிட்டிஷ் இளைஞர்களின் காதில் ஒன்றாக விழுந்தன. இத்தகைய கப்பல் வானொலிகளைத் தடுக்கும் புதிய சட்டம் நடைமுறைக்கு வரவிருந்ததால் 1967 ஆகஸ்ட் 14 அன்று நிலையம் மூடப்பட்டது. அடுத்த மாதம் 30ஆம் தேதி பிபிசியே ‘ரேடியோ ஒன்’ என்ற நிலையத்தைத் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு முதலில் பேசிய டோனி பிளாக்பர்ன் கப்பல் வானொலியிலிருந்து வந்தவர். இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டன் என்று பாடிய அதே பாம்ஸ் இசையின் மீது ஒன் என்று பாடவைத்து, அந்த ஜிங்கிள்களையும் பிபிசி வாங்கிக்கொண்டது. கப்பலை விரட்டிய அரசின் வானொலி, கப்பலின் மெட்டை விடவில்லை!

பிளாக்பர்ன் சோல் இசையின் தீராத ரசிகர். மோட்டவுன் பாடகி டயானா ராஸின் ஆல்பத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பாட்டைத் தம் காலை நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பப் போட்டு, அதைத் தனி இசைத்தட்டாக வெளியிடும்படி நிறுவனத்தை வற்புறுத்தினார். 1971 ஆகஸ்டில் அது பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது.

நீங்கள் கேட்டுப் பார்க்க விரும்பினால், ஜிங்கிள்களை மட்டும் தொகுத்த பதிவுகளிலிருந்து தொடங்காதீர்கள். வரிசையாகக் கேட்டால் அரை மணி நேரத்தில் திகட்டிவிடும். ஏர்செக் என்று அழைக்கப்படும் பழைய ஒலிபரப்புப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10 அன்று இசையைக் கைவிட்டுப் பேச்சு நிலையமாக மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, பாட்டின் முன்னிசையில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கிப் பாடகர் வாய் திறப்பதற்குச் சரியாக ஒரு நொடி முன்பு நிறுத்துவதையும், அதற்குச் சற்று முன் நிலையத்தின் பெயர் பாடலாக வந்து போவதையும் கவனியுங்கள்.