மன்னர் மாண்டபின் இரு தளபதிகள்: கேள்வி பதில்

மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பின், நாடாளுமன்றப் படையின் தளபதிகளான ஃபேர்ஃபாக்ஸும் கிராம்வெலும் முரண்பட்டுப் பிரிந்ததைக் கூறும் ‘டு கில் எ கிங்’ (2003) திரைப்படத்தைக் கண்ட கொங்கு வட்டார அன்பர்களின் வினாக்களுக்கு விடைகள்.

பொள்ளாச்சி அன்பர்: படத்தில் இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினராகத் தெரிகின்றனரே?

உண்மையில் கிராம்வெல் 1599இலும் ஃபேர்ஃபாக்ஸ் 1612இலும் பிறந்தவர்கள். நாடாளுமன்றம் 1645இல் அமைத்த புதிய படைக்கு இளையவரே தலைமைத் தளபதி; மூத்தவர் அவருக்குக் கீழிருந்து குதிரைப்படையை நடத்தினார். இந்த நெருடலைப் படம் பயன்படுத்தாதது பெரிய இழப்பு என்பேன்.

ஈரோடு அன்பர்: படை தம்மிடம் இருந்தும் மன்னரின் கொலையை ஃபேர்ஃபாக்ஸ் ஏன் தடுக்கவில்லை?

படை பெயரளவில்தான் அவரிடம் இருந்தது. 1648 டிசம்பரில் அதே படையின் கர்னல் பிரைட், மன்னருடன் உடன்பாடு காண விரும்பிய உறுப்பினர்களை நாடாளுமன்ற வாயிலிலேயே மறித்தபோது, அதிகாரம் யார் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது வெளிப்பட்டது. மன்னரை விசாரிக்கும் ஆணையர் பட்டியலில் ஃபேர்ஃபாக்ஸின் பெயர் இருந்தும், முதல் கூட்டத்துக்குப் பின் அவர் அங்கு செல்லவில்லை. விசாரணையில் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது, இங்கு வராதிருக்கும் அறிவு அவருக்கு உண்டு என்ற பொருள்பட மாடத்திலிருந்து குரலெழுப்பியவர் அவருடைய மனைவி ஆன். மரண ஆணையில் 59 பேர் கையொப்பமிட்டனர், ஃபேர்ஃபாக்ஸ் இடவில்லை. எதிர்த்து நின்றால் படை பிளந்து மறுபடியும் போர் மூளும் என்று அவர் அஞ்சியிருக்கக்கூடும். அவருடைய எதிர்ப்பெல்லாம் விலகி நிற்பதாகவே இருந்தது. திரைக்கோ நேருக்கு நேர் மோதல் தேவைப்படுகிறது.

சங்ககிரி அன்பர்: தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட ஊரினன் நான். சார்லஸுக்கும் தூக்குதானா?

இல்லை. 1649 ஜனவரி 30 அன்று லண்டன் வைட்ஹாலில், விருந்து மண்டபத்துக்கு வெளியே அமைத்த மேடையில், கோடரியால் தலையை வெட்டினர். மன்னராக ரூபர்ட் எவரெட்டின் நடிப்பே படத்தில் எனக்குப் பிடித்தது.

தாராபுரம் அன்பர்: இருவரும் முற்றிலும் பிரிந்தது எப்போது?

1650இல். ஸ்காட்லாந்து மீது முந்திக்கொண்டு படையெடுக்க ஃபேர்ஃபாக்ஸ் உடன்படாமல் பதவி விலகினார். அவ்விடத்துக்குக் கிராம்வெல் வந்தார். 1660இல் மாண்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸை அரியணைக்கு அழைத்துவர ஹேக் நகருக்குச் சென்ற குழுவில் ஃபேர்ஃபாக்ஸ் இருந்தார். மறு ஆண்டே கிராம்வெலின் சடலத்தைத் தோண்டியெடுத்து, லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தொங்கவிட்டனர்.

கோபிசெட்டிபாளையம் அன்பர்: கிராம்வெல் தாமே மன்னராக விரும்பினாரா?

1653இல் நாட்டின் காப்பாளர் என்ற பெயரில் ஆட்சித் தலைவரானவர், 1657இல் நாடாளுமன்றமே முடியை முன்வைத்தும் பல வாரங்கள் தயங்கியபின் மறுத்துவிட்டார். ஆனால் 1658இல் அவர் இறந்தபோது, காப்பாளர் பதவி மகன் ரிச்சர்டுக்கே சென்றது.