நாலு கிலோ எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டீடாக்ஸ், அதாவது உடம்பில் இருந்து நஞ்சை வெளியேற்றுவதாகச் சொல்லும் முறை பற்றித்தான். ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே ஜாக்கெட் அளவைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, மொத்தமாகவே பேசிவிடலாம்.

எனக்கு 46 வயது. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். என் நாத்தனார் புதுச்சேரியில் 7 நாள் டீடாக்ஸ் பேக்கேஜ் எடுத்து 4 கிலோ குறைந்துவிட்டார். அவர்கள் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன். நானும் எடுக்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

எடுக்க வேண்டாம். காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாத்தனார் கண்ணெதிரே இளைத்து நிற்கும்போது வெறும் 'வேண்டாம்' எடுபடாது.

தாளைப் பார்த்தேன். காலையில் எலுமிச்சை, தேன், வெந்நீர். பதினொரு மணிக்கு வெள்ளரி, புதினா சாறு. மதியம் சுரைக்காய் சூப். சாயங்காலம் பச்சை ஆப்பிளும் பாலக்கீரையும் பச்சையாக அரைத்து ஒரு டம்ளர். நடுவில் ஒரு இளநீர். ராத்திரி காய்கறி சூப், படுக்கும்போது வெந்நீரில் ஒரு ஸ்பூன் பொடி. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 500 கலோரியைத் தாண்டாது. உங்கள் வயது, உயரம், எடைக்கு உடம்பு ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 1,800. ஆக, தினம் 1,300 பற்றாக்குறை. ஏழு நாளைக்கு 9,100. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். முழுப் பட்டினிக்குப் பக்கத்தில் போய் ஒரு வாரம் இருந்தாலும் கரையக்கூடியது ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். அதிலும் ஒரு பங்கு தசை.

மீதி மூணு கிலோ? பெரும்பாலும் தண்ணீர். சோறு, இட்லியில் இருந்து வரும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை நம் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேர்த்து வைக்கின்றன. மொத்தம் அரைக் கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தி ஒன்றிரண்டு நாளில் அந்தச் சேமிப்பு செலவாகி, பிடித்து வைத்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். உப்பு குறைவதால் இன்னும் கொஞ்சம் நீர் போகும். குடலில் வழக்கமாக இருக்கும் சக்கையும் அந்த வாரம் இருக்காது. எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, முள் இறங்கும். உங்கள் நாத்தனார் ஊர் திரும்பி ரெண்டு வாரம் சாம்பார் சாதம் சாப்பிட்டபின் எடை பார்த்தாரா என்று மெதுவாக விசாரியுங்கள். கல்யாண வீட்டில் சண்டை வராத மாதிரி.

இனி அந்த ராத்திரிப் பொடி. தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'நிலாவாரை' என்று இருக்கிறது. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு 'சென்னா' என்று விற்பதும் இதே இலைதான். மலச்சிக்கலுக்கு நாலு நாள் சாப்பிட நல்ல மருந்து. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். நாம் சாப்பிட்டதில் இருந்து கலோரி எல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். வயிற்றோட்டத்தில் வெளியே போவது தண்ணீர், சோடியம், பொட்டாசியம். 'வயிறு லேசாகிவிட்டது, நஞ்சு போய்விட்டது' என்று தோன்றுவது இதனால்தான்.

எந்த நஞ்சு என்று கேட்டுப் பாருங்களேன். பெயர் சொல்ல மாட்டார்கள். உங்கள் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியேற்றி, மிச்சத்தை உள்ளே திருப்பி அனுப்புகின்றன. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. இவை பழுதானால் அதற்கு டயாலிசிஸ் இருக்கிறது, கல்லீரல் வார்டு இருக்கிறது. வெள்ளரி ஜூஸ் இரண்டுக்குமே உதவிக்கு வராது.

இதுவரை சொன்னது பயன் இல்லை என்பதற்கு. உங்கள் விஷயத்தில் ஆபத்தும் இருக்கிறது.

நான் மருத்துவமனையில் உணவியல் வேலை பார்த்த காலத்தில் ஒருவரை ராத்திரி பத்து மணிக்குக் கூட்டி வந்தார்கள். சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறுகிறது, மனைவியையே யாரென்று கேட்கிறார். பக்கவாதம் என்று வீட்டில் அழுகை. நர்ஸ் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்: சர்க்கரை 41. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, 'என் செருப்பு எங்கே?' என்றார். மூன்று நாளாக ஜூஸ் மட்டும். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் வேகம் பல மணி நேரம் இருப்பதால் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று விடியும்வரை வார்டிலேயே வைத்திருந்தார்கள்.

உங்கள் மாத்திரை அட்டையில் என்ன பெயர் என்று பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்றால் மேலே சொன்ன கதை. டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் பட்டினியின்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே. பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தால், பேதியும் சேரும்போது தலைசுற்றி விழலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம். அதற்காக அவர்கள் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

ஆவணிக்கு மூன்று மாதம் இருக்கிறதே, அது நல்ல அவகாசம். ஒரு நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை இறங்கும்; அங்கே இங்கே விருந்து போனாலும் நாலு கிலோ நிஜமாகவே குறையலாம். அந்த 500 எங்கே இருக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தினம் அஞ்சு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை: அதுவே 200. சம்பந்தி வீடு பண்ருட்டி, 'முந்திரி எப்போதும் டப்பாவில் இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 100 கிராம் முந்திரியில் சுமார் 580 கலோரி. டிவி பார்த்துக்கொண்டே ரெண்டு கைப்பிடி போனால் ஒரு வேளைச் சாப்பாடு. டப்பாவைச் சமையலறை மேல் தட்டில் வையுங்கள், கல்யாணப் பாயசத்துக்கு ஆகும். மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலை ரெட்டிப்பாக்குங்கள். மீன் குழம்பு தாராளமாக. நெத்திலி, மத்தி, சங்கரா எது கிடைத்தாலும் சரி, வறுவல் மட்டும் வாரம் ஒரு நாள். ராத்திரி சுண்டலோ முட்டையோ தட்டில் இருந்தால் பத்து மணிக்குப் பசிக்காது. மாலையில் வெள்ளி கடற்கரைக்கு நடக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடுங்கள்.

ஒரு விஷயம்: சாப்பாடு குறையக் குறைய மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஜாக்கெட்டை ஆடிக் கடைசியில் தைக்கக் கொடுத்தால் போதும்.

காலையில் வெறும் வயிற்றில் தேன், எலுமிச்சை வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. ஆனால் சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாகக் குடிக்கிறீர்கள் என்றால் நஷ்டமும் இல்லை. குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள், எலுமிச்சையின் புளிப்பு பல்லை அரிக்கும்.

கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி முடித்ததும் நண்பர்கள் எல்லோரும் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறார்கள். ஒருநாள் கசந்தது. 'கசப்புதான் மருந்து' என்று சொல்லிக் குடிக்க வைத்துவிட்டார்கள். இயற்கையான காய்தானே, பயப்பட வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பயப்பட வேண்டும். சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கன் குடும்பத்துக் காய்களில் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் கூடிவிடும். நாக்கில் கசப்பாகத் தெரிவது அதுதான். பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. அந்தக் குழு சொன்னது எளிமையானது: சாறு பிழியும் முன் காயில் ஒரு சின்னத் துண்டை நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். வேறு சாறோடு கலக்காதீர்கள். குடித்தபின் குமட்டல், வாந்தி, பேதி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கலக்கக்கூடாது என்பதற்குக் காரணம் புரிகிறதல்லவா? நெல்லிக்காயும் இஞ்சியும் உப்பும் சேர்ந்தால் கசப்பு மறைந்துவிடும். தள்ளுவண்டியில் பிழிபவர் ஒவ்வொரு காயையும் நறுக்கி ருசி பார்ப்பாரா என்று நீங்களே யோசியுங்கள். சுரைக்காய் சாப்பிட ஆசை என்றால் கூட்டு வையுங்கள். குழம்பில் போடும் முன் நம் அம்மாக்கள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பார்களே, அதே பழக்கம்தான் நிபுணர் குழு சொன்னதும்.

கூடவே இன்னொன்று. பாலக்கீரையைப் பச்சையாக அரைத்துத் தினம் குடிப்பவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அதில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். கேரளத்தில் ரத்தத்தில் கொழுப்பு குறைய பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைத் தொடர்ந்து குடித்து, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. அங்கேயும் காரணம் ஆக்சலேட்தான். வாரம் ரெண்டு நாள் கீரை மசியல் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஏற்கெனவே கல் வந்தவர்கள் பச்சைச் சாறு பக்கமே போகாதீர்கள்.

என் மாமியார் நாலு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்கு எடுப்பார். இப்போது என் பிள்ளைகளுக்கும் (வயது 9, 5) கொடுக்க வேண்டும் என்கிறார். நான் மூன்று மாதக் கர்ப்பம். எனக்கும் 'கொஞ்சம் சுத்தமாகட்டும்' என்கிறார். எப்படி மறுப்பது?
– வாசகி, வில்லியனூர்

நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுப்பதை சித்த மருத்துவம் சொல்கிறது என்பது உண்மைதான். அத்தை இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அது நோய் அணுகாமல் இருக்கச் சொன்ன ஒழுக்கம்; உடம்பு வாகு, வயது, காலம் எல்லாம் பார்த்து வைத்தியர் அளவு சொல்லிக் கொடுப்பது. எடை குறைக்கும் வழியாக யாரும் அதைச் சொல்லவில்லை.

உங்களுக்குக் கூடவே கூடாது. விளக்கெண்ணெய் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். அஞ்சு வயதுக் குழந்தைக்கு நாலைந்து முறை பேதியானாலே நீர் வற்றிவிடும். பிள்ளைகள் மண்ணில் விளையாடுகிறார்கள், பூச்சி இருக்கும் என்பது அத்தையின் கவலை என்றால், அதற்குப் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நேரடியாக மறுக்கத் தயக்கம் என்றால் அத்தையையே அரசு சித்த மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார். அவர் சொன்னால் கேட்பார்.

கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ரசாயன வாடையில்தான் நாள் முழுக்க வேலை. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் உள்ளே போனது இறங்கிவிடும் என்கிறார்கள். ராத்திரி உள்ளங்காலில் ஒட்டும் டீடாக்ஸ் பட்டையும் வாங்கினேன், காலையில் கறுப்பாகிவிடுகிறது. நஞ்சு வருகிறது என்று தானே அர்த்தம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

எல்லாக் கடிதங்களிலும் நஞ்சு பற்றி நியாயமாகக் கவலைப்படுவது நீங்கள் ஒருவர்தான்.

பட்டையை விட்டுவிடுங்கள். அதிலுள்ள பொடி ஈரம் பட்டால் கறுக்கும். புதுப் பட்டை ஒன்றில் வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், அதுவும் கறுக்கும். வெல்லமும் பழமும் பசிக்கு நல்லது, சாப்பிடுங்கள். நுரையீரலுக்குள் போன ஆவியை அது இழுத்துக்கொண்டு வராது.

உங்களுக்குத் தேவை, எந்தப் பொருளைக் கையாளுகிறீர்கள் என்ற பெயர். பீப்பாயிலும் மூட்டையிலும் அச்சடித்திருக்கும், செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பெயர் தெரிந்தால்தான் டாக்டர் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்ய முடியும். ஈயம் என்றால் ரத்தத்தில் அளவு பார்க்கலாம்; அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து அதை வெளியேற்ற மருந்து இருக்கிறது. கரைப்பான் வகைகளில் பலவற்றை, மேற்கொண்டு உள்ளே போகாமல் இருந்தாலே நுரையீரலும் கல்லீரலும் சில நாட்களில் வெளியேற்றிவிடும். உள்ளே போவதைத் தடுப்பதுதான் முதல் வைத்தியம்: அந்த வேலைக்கு ஏற்ற முகமூடி (துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது), சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காமல் இருப்பது. சாப்பாட்டால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருக்கும் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் எல்லாம் விடாமல் இருக்கட்டும்.

ஆபத்தான ரசாயனங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை, ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. இஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கேயும் காட்டுங்கள். ரிசல்ட் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். போன வருஷத் தாளும் இந்த வருஷத் தாளும் பக்கத்தில் இருந்தால்தான் கல்லீரல் அளவுகள் ஏறுகிறதா என்று தெரியும். பொருளின் பெயர் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள்.