கேளுங்க, சொல்றேன்: குறள் முற்றோதலும் நடுகல்லும்

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. திருக்குறள் முற்றோதலுக்கு பேர் குடுக்கணும்னு ஒரே பிடிவாதம். 1330ஐயும் இந்த வயசுல மனப்பாடம் பண்ண முடியுமா, பொருள் தெரியாம ஒப்பிச்சு என்ன பிரயோஜனம்னு வீட்டுல ஒரே பேச்சு. என்ன பண்றது?
ஒரு அம்மா, பாலக்கோடு

பதில்: முடியும்மா, பேர் குடுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு அதிகாரம்னு வச்சுக்கிட்டா 133 அதிகாரத்துக்கு 266 நாள், வருஷத்துல மிச்சம் மூணு மாசம் திருப்பிப் பாக்கவே இருக்கு. ஆனா முதல்ல இருந்து வரிசையா ஒப்பிக்க மட்டும் பழக்காதீங்க, ஏன்னா அங்க வரிசையா கேக்க மாட்டாங்க, குறள் எண்ணைச் சொல்லி கேப்பாங்க, அதிகாரத்தைச் சொல்லி கேப்பாங்க. எண்ணுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு. 391னு கேட்டா கடைசி 1ஐ விட்டுட்டு 39ஓட ஒண்ணு கூட்டணும், 40வது அதிகாரம், கல்வி, அதுல முதல் குறள் 'கற்க கசடற'. 400 மாதிரி பூஜ்யத்துல முடிஞ்சா கூட்ட வேணாம், அதே 40தான், பத்தாவது குறள். இது கைக்கு வந்துட்டா பாப்பாவுக்கு பாதி பயம் போயிடும்.

தமிழ் வளர்ச்சித் துறை இதுக்கு பரிசா 10,000 ரூபா குடுத்துட்டு இருந்தாங்க, அப்புறம் 15,000 ஆக்குனாங்க. பொருள் தெரிஞ்சிருந்தா அதை கூடுதல் தகுதியாவும் எடுத்துக்குவாங்க. அதனால ராத்திரி சாப்பிடுறப்ப அன்னைக்கு படிச்சதுல ஒரே ஒரு குறளுக்கு அவளையே அர்த்தம் சொல்லச் சொல்லுங்க, தப்பா சொன்னாலும் பரவாயில்ல, சொல்லட்டும். வீட்டுல பேசுறவங்களும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாவது. மாவட்ட லெவல் பேச்சுப்போட்டிக்கு போறேன், தலைப்பு 'அதியமானும் ஔவையும்'. போன வருஷம் பேசுன எல்லாருமே நெல்லிக்கனி கதையத்தான் சொன்னாங்க. வேற என்ன பேசலாம்?
மாணவி, அதியமான்கோட்டை

பதில்: இந்த கேள்வி வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம் பாப்பா. தகடூர்னு சங்கப்பாட்டுல வர்ற ஊரு நம்ம தர்மபுரிதான், அதியமான் பேர்லயே இருக்கிற ஊர்ல இருந்து நீ பேசப் போற, நெல்லிக்கனியோட நிறுத்திடாத. புறநானூறு 95 எடுத்துப் பாரு. அதியமானுக்காக ஔவையார் தூது போறாங்க, எதிரி ராஜா தொண்டைமான் தன் ஆயுதத்தையெல்லாம் காட்டுறான், மயில் பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி பளபளன்னு காவலோட வச்சிருக்கான். ஔவையார் என்ன சொல்றாங்கன்னா, எங்க ராஜாவோட வேல் எல்லாம் பகைவரைக் குத்தி முனை ஒடிஞ்சு எப்பவும் கொல்லன் பட்டறைலதான் கிடக்கும்னு. புகழ்ற மாதிரியே பேசி எதிரியை எங்க கொண்டு வந்து நிறுத்திட்டாங்க பாரு! ஒரு பொம்பள அரசியல் தூது போயி பேசுன பேச்சு இது, இதை நீ மேடைல சொன்னா நல்லா நிக்கும்.

99வது பாட்டுல அதியமானோட முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்கு கொண்டாந்தாங்கன்னு வருது, பாலக்கோட்டுல சர்க்கரை ஆலை இருக்கிற ஜில்லாவுல அதைச் சொன்னா யாரும் தூங்க மாட்டாங்க.

முடிக்கிறதுக்கு 232. அதியமான் செத்துட்டான், அவனுக்கு நடுகல் நட்டு பீலி சூட்டி சின்ன கலயத்துல கள்ளு ஊத்துறாங்க. உசந்த மலையோட நாட்டையே குடுத்தாலும் வாங்காதவனாச்சே, இந்த கலயத்துக் கள்ளை வாங்கிக்குவானான்னு கேக்குறாங்க ஔவையார். எத்தனை தடவை பாடம் நடத்தினாலும் அந்த இடத்துல எனக்கு தொண்டை அடைக்கும்.

மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை செய், தர்மபுரி டவுன்ல தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம், அதாவது மியூசியம் இருக்கு, அங்க போயி நடுகல்லு முன்னாடி நில்லு. எதிரி ஓட்டிட்டுப் போன ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை மீட்டு செத்த வீரனுக்கு நட்ட கல்லு நம்ம ஜில்லாவுல எத்தனையோ கிடைச்சிருக்கு, வட்டெழுத்துங்கிற பழைய எழுத்து வெட்டினதும் இருக்கு. இன்னொண்ணு, திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில 1981ல கண்டுபிடிச்ச தமிழ்பிராமி கல்வெட்டுல 'அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி'ன்னு இருக்கு, அதாவது அவன் குடுத்த குகை. பாட்டுல இருக்கிறவன் கல்லுலயும் இருக்கான், அதை கண்டிப்பா சொல்லு.

கேள்வி: சார், நான் பிளஸ் ஒன். தமிழ் திறனறித் தேர்வுக்கு மாசம் 1500 ரூபா தராங்களாமே, எதுல இருந்து கேப்பாங்க? எந்த கைடு வாங்கணும்?
மாணவன், ஊத்தங்கரை

பதில்: கைடு எதுவும் வாங்காத தம்பி. பத்தாவது தமிழ் புக்தான் சிலபஸ், அதை பழைய பேப்பர்காரருக்கு போட்டிருந்தா ஜூனியர்கிட்ட கேட்டு வாங்கு. 100 கேள்வி, எல்லாம் சரியான விடையை தேர்ந்தெடுக்கிறதுதான். 2022ல ஆரம்பிச்ச தேர்வு, 1500 பேரை எடுத்து ரெண்டு வருஷம் தராங்க, அதுல பாதி இடம் அரசுப் பள்ளி பசங்களுக்கே. செய்யுளுக்கு கீழ இருக்கிற சொல்லும் பொருளும், நூல்வெளி, இலக்கணக் குறிப்பு, இந்த மூணையும் ஒரு வரி விடாம படி. விண்ணப்பம் பள்ளிக்கூடம் மூலமாத்தான் போகும், ஹெச்எம்கிட்ட இப்பவே சொல்லி வை.

கேள்வி: நாங்க வீட்டுல கன்னடம் பேசுறவங்க. பையன் தமிழ் மீடியம் ஒன்பதாவது. மேடைன்னாலே நடுங்குறான், ஆனா பழைய எழுத்து, கல்வெட்டுன்னா உயிரை விடுறான். இவனுக்கு ஏத்த போட்டி ஏதாவது இருக்கா?
ஒரு அப்பா, ஓசூர்

பதில்: இருக்குங்க, இவனுக்காகவே வச்ச மாதிரி. பாணினி லிங்குவிஸ்டிக்ஸ் ஒலிம்பியாட்னு ஒண்ணு, பள்ளிப் பிள்ளைங்களுக்கு நடக்குது, அதுல இருந்துதான் சர்வதேச மொழியியல் ஒலிம்பியாடுக்கு இந்தியா டீமை எடுக்குறாங்க. அந்த சர்வதேச போட்டி 2003ல பல்கேரியாவுல ஆரம்பிச்சது, 2016ல உங்களுக்கு பக்கத்துல மைசூர்லயே நடந்துச்சு. பேச்சும் கிடையாது மனப்பாடமும் கிடையாது, கேள்விப்படாத ஒரு மொழியில கொஞ்சம் வாக்கியமும் அதோட அர்த்தமும் குடுப்பாங்க, அந்த மொழியோட விதியை பிள்ளையே கண்டுபிடிக்கணும்.

ரெண்டு மொழி தெரிஞ்ச உங்க பையன் தினமும் இதைத்தான் பண்ணிட்டு இருக்கான். தமிழ்ல பால், உங்க வீட்டுல ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. ரெண்டுமே செம்மொழி, தமிழுக்கு 2004லயும் கன்னடத்துக்கு 2008லயும் அந்த அந்தஸ்து குடுத்தாங்க, வீட்டுப் பேச்சை வெளிய சொல்ல அவன் கூச்சப்படவே வேணாம். இன்னைக்கு சாயந்திரம் ஒரு நோட்டுல இந்த மாதிரி ஜோடியை எழுதச் சொல்லுங்க, ஐம்பது சேர்ந்ததும் எந்த எழுத்து எங்க எப்படி மாறுதுன்னு அவனையே கேளுங்க, மாறாத வார்த்தையும் சிலது வரும், அது ஏன்னும் கேளுங்க. மாரண்டஹள்ளி ஊருக்கு ஏன் 'ஹள்ளி'ன்னு பேருன்னு அப்போ அவனே உங்களுக்கு சொல்லுவான்.