வசனம் எழுதாதவர்களைக் கேளுங்கள்

கேள்வி: சென்ற இதழில் வூடி ஸ்ட்ரோடைப் பெரிய நடிகர் என்று எழுதியிருந்தீர்கள். 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் கொஞ்ச நேரம் வருகிறார், உடற்கட்டைக் காட்டுகிறார், செத்துப்போகிறார். கறுப்பினத்தவர் என்ற பரிவில் நீங்கள் கொடுத்த பட்டம்தானே அது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பரிவு ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். ரோமானியப் பிரபுக்கள் வேடிக்கை பார்க்க, அடிமைகளைச் சாகும்வரை மோதவிடும் காலத்துக் கதை. வெளியே களத்தில் வேறு இருவர் மோதுகிறார்கள், வாளோசை கேட்கிறது. உள்ளே மரக்கொட்டடியில் ட்ராபாவாக ஸ்ட்ரோடும் ஸ்பார்ட்டகஸாக கிர்க் டக்ளஸும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் ஒருவர் மற்றவரைக் கொன்றாக வேண்டும். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு சண்டையில் ஜெயித்த ட்ராபா, கொல்ல மறுத்து, மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ரோமானியப் பிரபுக்களை நோக்கிச் சூலத்தை வீசுகிறான். ஏன் வீசினான் என்று படத்தில் யாரும் விளக்குவதில்லை. கொட்டடியில் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையும் இல்லை. வெறும் உடற்கட்டால் இது நடக்குமா? அந்த வேடத்துக்காக கோல்டன் குளோப் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

வேடம் சிறியது என்பது உண்மை. பெரிய வேடங்களை அவருக்கு யார் கொடுத்தார்கள்? 1914-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், கால்பந்து வீரராகவும் இருந்தவர். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் 1934 முதல் ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. 1946-இல் கென்னி வாஷிங்டனும் இவரும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குள் நுழைந்து அந்தத் தடையை உடைத்தபோது இவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சினிமாவிலும் அதே கதைதான். 'சார்ஜெண்ட் ரட்லெட்ஜ்' (1960) படத்தின் தலைப்பே இவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். ஆனால் நடிகர் வரிசையில் இவர் பெயர் நான்காவது! பிரபலமான வேறொருவரைப் போடலாம் என்ற ஸ்டுடியோவிடம் இவர்தான் வேண்டும் என்று நின்றவர் இயக்குநர் ஜான் ஃபோர்ட். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

அதே ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வாலன்ஸ்' (1962) படத்தில் ஸ்ட்ரோடுக்கு வேலையாள் வேடம், பெயர் பாம்பி. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடத்தும் வகுப்பில் லிங்கன் படத்துக்கு முன்னால் எழுந்து நின்று சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்கிறான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடம் வரும்போது மறந்துவிடுகிறது. பரவாயில்லை, நிறையப் பேர் அந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் தேற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் ஜான் வேய்ன் வந்து, வேலையைப் பார் என்று அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்ட்ரோட், பள்ளிப் பிள்ளைபோல் நின்று தடுமாறும் அந்தச் சில நொடிகளில் துளிகூட மிகை இல்லை. இன்னொரு நடிகர் அந்த இடத்தில் கண்ணைக் கசக்கியிருப்பார்.

1968-இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே, ரயில் நிலையத்தில் காத்திருக்கும் கொலையாளியாக அவரை நிறுத்தி, தலையில் நீர் சொட்டுவதை நிதானமாகப் படம்பிடித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, அதில் நீர் சேரும்வரை பொறுத்திருந்து, கழற்றிக் குடிக்கிறார் ஸ்ட்ரோட். அங்கேயும் வசனம் இல்லைதான். ஆனால் கேமரா அவரை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது. ஹாலிவுட் அந்த முகத்துக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'டாய் ஸ்டோரி' பார்த்திருப்பார்கள். அந்தக் கௌபாய் பொம்மைக்கு வூடி என்று பெயர் வந்தது இவரை நினைத்துத்தான்.

'சார்ஜெண்ட் ரட்லெட்ஜ்' படத்தை முழுக்க வேண்டாம், ராணுவ நீதிமன்றத்தில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறும் காட்சியை மட்டுமாவது பாருங்கள். அங்கே அவருக்கு வசனம் இருக்கிறது. பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.