பூனை வளர்க்கும் வீட்டில் ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைக்கலாமா?

கருப்பு ஃபினாயில் கூடவே கூடாது. வெள்ளை ஃபினாயிலையும் தவிர்ப்பதே நல்லது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "காலங்காலமாக ஊற்றித்தானே துடைக்கிறோம், என்ன ஆகிவிட்டது?" என்று வீட்டில் யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். அவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல. அந்தக் காலத்துப் பூனை பெரும்பாலும் ஓட்டின் மீதும் கொல்லையிலும் திரிந்தது. இன்றைய பூனையோ கதவு சாத்திய வீட்டில், ஈரம் காயாத டைல்ஸ் மீது நடந்து, அந்தக் காலையே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது.

கருப்பு ஃபினாயில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைக் கொண்டது. வெள்ளையில் பைன் எண்ணெய் இருக்கும், அதுவும் பூனைக்கு ஆகாது. ஃபீனாலை உடலிலிருந்து வெளியேற்ற மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரலில் உதவும் ஒரு நொதி பூனைக்குச் சரிவர வேலை செய்வதில்லை. பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாவதற்கும் இந்தக் குறைபாடே முக்கியக் காரணம். இதைப் படித்து நாய் வளர்ப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். அளவு கூடினால் நாய்க்கும் ஆபத்துதான்.

கிருஷ்ணகிரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மாடிப்படி பொது. மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் கூவி விற்பவரிடம், பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கிய கருப்பு ஃபினாயிலை, மேல்வீட்டு அக்கா தண்ணீர் கலக்காமலேயே படிகளில் ஊற்றியிருந்தார். அதில் நடந்துவிட்டு வந்த எங்கள் பூனைக்குச் சற்று நேரத்தில் எச்சில் நூல் நூலாக வடிந்தது. முன்னங்கால் விரல்களுக்கிடையே மயிர் பிசுபிசுத்து ஒட்டியிருந்தது, நாக்கின் ஓரம் தோலுரிந்து சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், ஏனெனில் அரிக்கும் திரவம் மேலே வரும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். துண்டில் சுற்றிப் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் நான்கு கால்களையும் அலசி, நக்க விடாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, அதில் என்ன கலந்திருக்கிறது என்பது. பாட்டிலில் ஒட்டியிருந்தது குடிநீர் லேபிள். யாரால் என்ன பதில் சொல்ல முடியும்? பூனை பிழைத்துக்கொண்டது, ஆனால் புண் ஆறும்வரை கருவாட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழை வியாபாரியின் வயிற்றில் அடிக்கிறேன் என்று இங்கே சிலர் வரக்கூடும். என் கோபம் அவர் மீதல்ல. பெயரும் சேர்மானமும் எழுதிய ஒரு தாளைக்கூட ஒட்டாமல் அவரிடம் கேனை நிரப்பிக் கொடுப்பவர்கள் மீது.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குளியலறை டைல்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடும், உடனே ஆசிட் ஊற்றுகிறோம். அதன் மேல் ப்ளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நின்றுகொண்டு தேய்க்கும் உங்களுக்கு முன்பாகப் பூனையின் மூக்குக்கே எட்டும். பூனை சிறுநீர் கழித்த இடத்திலும் ப்ளீச்சிங் போடாதீர்கள். அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து வேறொரு நச்சு வாயு உண்டாகும்.

நான் மருத்துவர் அல்லன். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். சோப்பு நீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, காயும்வரை அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். கிருமிநாசினி வேண்டியே ஆக வேண்டுமென்றால் லேபிளைப் படித்து வாங்குங்கள்; தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுப்பவற்றில் குளோரோசைலினால் இருக்கலாம், அதுவும் ஃபீனால் குடும்பம்தான். துடைத்த வாளியை மூலையில் விட்டுவைக்காமல் உடனே கொட்டிவிடுங்கள்; கிண்ணத்தில் நல்ல தண்ணீர் இருந்தாலும் பூனை வாளியைத்தான் தேடிப் போகும்.